கணையம் கெட்டால் குடல் ஏன் கெடுகிறது?

ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர் அடிக்கடி கேட்பது இது: “பேன்கிரியாஸ் வீங்கியிருக்குன்னுதானே டாக்டர் சேர்த்தீங்க? இப்ப குடலும் வேலை செய்யலைங்கறீங்களே, குடலுக்கு என்ன வந்தது?”

நியாயமான கேள்விதான். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கிறது. சிறுகுடல் வயிறு முழுக்கச் சுருண்டு கிடக்கிறது. இரண்டும் பல இடங்களில் தொட்டுக்கொள்வதுகூட இல்லை. அப்படியிருந்தும் கடுமையான கணைய அழற்சியில் சில நாட்களிலேயே குடல் அசைவற்றுப்போகிறது, அதன் உட்சுவர் நைந்துபோகிறது. ஏன் என்று கேட்டால் காத்திருப்பு நாற்காலிகளில் மூன்று விடைகள் சுற்றுகின்றன. கணைய நீர் கசிந்து குடலை அரித்துவிட்டது என்பார் ஒருவர். கிருமி ஏறிவிட்டது என்பார் இன்னொருவர். மூன்றாமவர் விஷம் பரவிவிட்டது என்று முடித்துவிடுவார்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திடீர்க் கணைய அழற்சி வருகிறவர்களில் பெரும்பாலோர், ஐந்தில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு வாரத்தில் தேறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சிறுநீரகமோ நுரையீரலோ ரத்த ஓட்டமோ செயலிழந்து, 48 மணி நேரத்துக்கு மேலும் மீளாமல் இருந்தால்தான் அது ‘கடுமையானது’. 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு அப்படித்தான் வரையறுக்கிறது. இங்கே எழுதுவது இந்தக் கடுமையான வகையைப் பற்றி.

நம்பிக்கை: கணைய நீர் கசிந்து குடலை அரித்துவிடுகிறது.

இதில் பாதி உண்மை இருக்கிறது. கணையம் தன்னைத் தானே செரித்துக்கொள்கிறது என்று ஹான்ஸ் கியாரி 1896இலேயே சொன்னார். குடலுக்குப் போன பிறகு விழிக்க வேண்டிய டிரிப்சின் என்ற நொதி, கணைய செல்லுக்குள்ளேயே விழித்துக்கொள்வதுதான் தொடக்கம் என்பது நெடுங்காலமாகப் பாடப்புத்தகத்தில் உள்ளது. கணையத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு அந்த நொதிகளால் கரைவதும் நடக்கிறது. ஒட்டிக் கிடக்கும் பெருங்குடல் பகுதி நேரடியாகப் புண்ணாகி ஓட்டை விழுவதும் எப்போதாவது உண்டு.

ஆனால் நொதி மட்டுமே குற்றவாளி என்றால், அது எட்டாத இடமெல்லாம் தப்பித்திருக்க வேண்டும். தப்பிப்பதில்லை. கணைய நீர் நுரையீரலுக்கு ஓடுவதில்லை; இருந்தும் இந்த நோயாளிகளை வென்டிலேட்டரில் ஏற்ற வைப்பது பெரும்பாலும் நுரையீரல்தான்.

2011இல் ராஜிந்தர் தாவ்ரா, அசோக் சலூஜா ஆகியோரின் குழு இதைச் சுண்டெலிகளில் சோதித்துப் பார்த்தது. சுண்டெலிக்குக் கணைய அழற்சியை வரவழைக்கும் முறையே விசித்திரமானது. ஆஸ்திரேலிய மரத்தவளை ஒன்றின் தோலிலிருந்து 1960களில் பிரித்தெடுத்த செருலீன் என்ற பொருளை அளவுக்கு மீறி ஊசியில் ஏற்றுவார்கள். அது கணையத்தைச் சுரக்கத் தூண்டும் நம் உடலின் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும். அந்தக் குழு, செல்லுக்குள் விழித்துக்கொள்கிற முக்கியமான டிரிப்சினோஜன் வகையே இல்லாத எலிகளை உருவாக்கி அவற்றுக்குச் செருலீன் கொடுத்தது. செல் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அழற்சி குறையவில்லை. கணையத்திலும் சரி, உடலின் மற்ற பகுதிகளிலும் சரி, அது தன் போக்கில் நடந்தது. காயத்தைத் தொடங்கி வைப்பதில் டிரிப்சினுக்குப் பங்கு இருக்கிறது. காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை வேறு வழியில் கிளம்புகிறது. குடலைக் கெடுப்பது இந்த இரண்டாவது.

நம்பிக்கை: அழற்சி என்றாலே கிருமி.

முதல் வாரத்தில் இந்த நோயாளிக்குக் காய்ச்சல் அடிக்கும், நாடித்துடிப்பு நூறைத் தாண்டும், வெள்ளணுக்கள் எகிறும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் பல மடங்கு ஏறும். பார்ப்பதற்கு அப்படியே கிருமித்தொற்று போலிருக்கும். ஆனால் இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோரின் கணையத்தில் ஒரு கிருமிகூட இருக்காது.

என்ன நடக்கிறதென்றால், நசிந்த கணைய செல் வெடித்துத் தன் உள்ளடக்கத்தை வெளியே கொட்டுகிறது. ஹிஸ்டோன், எச்.எம்.ஜி.பி.-1 என்ற புரதம், ஏ.டி.பி., மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. என்று செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டிய சரக்கெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. நம் உடலில் பிறப்பிலேயே அமைந்த எதிர்ப்பாற்றல் ஒன்று உண்டு. தடுப்பூசியாலோ பழைய நோயாலோ பழகி வருவது அல்ல இது. முன்பின் பார்த்திராத ஆபத்துக்கும் சில நிமிடங்களில் பாய்கிற படை. அதன் செல்களில் டோல் வகை ஏற்பிகள் என்ற உணர்விகள் இருக்கின்றன. இவற்றின் வேலையை வெளிக்கொணர்ந்த புரூஸ் பியூட்லருக்கும் யூல்ஸ் ஹாஃப்மனுக்கும் 2011 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த உணர்விகள் கிருமியின் பாகங்களைக் கண்டால் விழித்துக்கொள்ளும். செத்த செல்லின் பாகங்களைக் கண்டாலும் விழித்துக்கொள்ளும். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மைட்டோகாண்ட்ரியாவே ஒரு பாக்டீரியாவாகத்தான் இருந்தது, அதன் டி.என்.ஏ.வின் சாயல் இன்றும் பாக்டீரியாவுடையதுதான். அது ரத்தத்தில் மிதந்தால் உடல் அதைப் படையெடுப்பு என்றே எடுத்துக்கொள்கிறது.

உணர்வி விழித்தால், அந்தப் படையைச் சேர்ந்த மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் என்.எஃப். கப்பா பி என்ற விசை திரும்புகிறது. இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டம் ஒன்று கூடுகிறது. டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவை ரத்தத்தில் கொட்டுகின்றன. சின்னக் காயமென்றால் இவை அந்த இடத்தோடு அடங்கிவிடும். கணையத்தின் பெரும்பகுதி செத்திருந்தால் அடங்காது; உடல் முழுக்க ரத்தக்குழாய்கள் ஒழுகத் தொடங்கும். காத்திருப்பு நாற்காலியில் ‘விஷம் பரவிடுச்சு’ என்றவர் முற்றிலும் தவறில்லை என்றே சொல்வேன். பரவுவது உண்மை. அந்த விஷத்தைத் தயாரித்தது நோயாளியின் சொந்தப் பாதுகாப்புப் படை, அவ்வளவுதான்.

நம்பிக்கை: குடல் உறுதியான உறுப்பு, மற்ற உறுப்புகளெல்லாம் விழுந்த பிறகுதான் அது விழும்.

தலைகீழ். முதலில் அடி வாங்குகிறவற்றில் குடலும் ஒன்று, அதற்கு அதன் அமைப்பே காரணம்.

குடலின் உட்புறத்துக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு செல் தடிமன் உள்ள படலம். அந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியா. (குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் திரும்ப அளந்து, செரிமானப் பாதை முழுதும் சேர்த்துச் சுமார் 32 சதுர மீட்டர்தான் என்று கணக்கிட்டார்கள். பாட்மிண்டன் மைதானத்தில் பாதிகூட இல்லை. காவல் காக்க அதுவே நிறைய.) அந்தப் படலத்தின் செல்கள் ஒரு வாரம்கூடத் தாங்காதவை, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மொத்தமும் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அதற்குத் தடையில்லாத ஆக்சிஜனும் சத்தும் வேண்டும்.

கடும் கணைய அழற்சியில் முதலில் வெட்டப்படுவது அதுதான். ஒழுகும் ரத்தக்குழாய்களால் ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் போய்விடுகிறது, ரத்த அளவு குறைகிறது. மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற, உடல் வயிற்றுப் பகுதியின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. குடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டி நிற்கும் குடலுறிஞ்சி ஒவ்வொன்றிலும் தமனி நடுவே மேலேறி நுனியில் திரும்பி, சிரையாகப் பக்கத்திலேயே இறங்குகிறது. ஏறும்போதே ஆக்சிஜனில் ஒரு பங்கு பக்கத்துக் குழாய்க்குக் குறுக்கே நழுவிவிடுகிறது. ஆக நுனி எப்போதுமே கடைமடை நிலம். ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடும்போதே அளவாகத்தான் வந்து சேரும். மேட்டூரில் திறப்பு குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான்.

பிறகு சிகிச்சையால் ரத்த ஓட்டம் திரும்பும்போது இரண்டாவது அடி விழுகிறது. பட்டினி கிடந்த திசுவுக்குள் ஆக்சிஜன் திடீரென்று பாய்ந்தால் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகின்றன. ஏற்கெனவே உசுப்பேறிச் சுற்றும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளைக் குடல் செல்கள் மேல் கொட்டுகின்றன. சில தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசிவிடுகின்றன. அந்த வலை நுண்குழாய்களை அடைத்து ரத்த ஓட்டத்தை மேலும் கெடுக்கிறது.

மூன்றாவது அடி சத்தமில்லாதது. செல்லுக்குச் செல் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் ஆக்லூடின், கிளாடின் போன்ற புரதங்களை டி.என்.எஃப். ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின்-1ம் தளர்த்திவிடுகின்றன. செல் சாகவே வேண்டாம், இடுக்கு திறந்தால் போதும். குடல் மடிப்புகளின் அடியில் நின்று கிருமிகொல்லிப் பொருள்களைச் சுரக்கும் பானெத் செல்களும் இந்தக் களேபரத்தில் சோர்ந்துபோகின்றன. குடலின் அசைவு நின்றுவிடுவதால், தேங்கிய இடத்தில் பாக்டீரியா பெருகுகிறது.

குடல் செல் சாவதை ரத்தத்திலேயே அளக்கலாம். கொழுப்பமிலத்தைப் பிடித்து வைக்கும் ஐ-எஃப்.ஏ.பி.பி. என்ற புரதம் குடல் செல்லுக்குள் மட்டுமே நிறைய இருப்பது. செல் உடைந்தால் அது ரத்தத்திலும் சிறுநீரிலும் ஏறும். நோய் கடுமையானால் அதன் அளவும் ஏறுகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் குடல் வெறும் பலிகடாவாக இருந்திருக்கும். அது திருப்பி அடிக்கவும் செய்கிறது. கசியும் குடலிலிருந்து வெளியேறுவது இரண்டு பாதைகளில் போகலாம். போர்ட்டல் சிரை வழியாகப் போனால் கல்லீரல் வடிகட்டிவிடும். நிணநீர் வழியாகப் போனால் மார்பு நாளத்தில் ஏறி, கழுத்தடியில் ரத்தத்தில் கலந்து, கல்லீரலைச் சந்திக்காமலே நேரே நுரையீரலுக்குப் போய்விடும். எட்வின் டெய்ட்ச் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணரின் குழு, ரத்தம் இழந்து அதிர்ச்சிக்குள்ளான எலிகளில் குடலின் நிணநீர்க் குழாயைக் கட்டிப் பார்த்தது. நுரையீரல் பிழைத்தது. அந்த நிணநீரில் பாக்டீரியா இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நைந்த குடல் அனுப்பிய அழற்சிப் பொருள்களே நுரையீரலைக் கெடுக்கப் போதுமானவையாக இருந்தன. கணைய அழற்சியிலும் ஏறக்குறைய இதே பாதை இருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள்.

நம்பிக்கை: லைப்பேஸ் 3,000, ஆள் பிழைப்பது கஷ்டம்.

லைப்பேஸ் இயல்பு வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டினால் நோயை உறுதிசெய்ய உதவும். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 3,000 உள்ளவர் நான்காம் நாள் இட்லி சாப்பிடுவார். 600 உள்ளவர் வென்டிலேட்டரில் இருப்பார். தினமும் அதை எடுத்துப் பார்ப்பது காசுக்குக் கேடு. மூச்சு, சிறுநீர் அளவு, ரத்த அழுத்தம், யூரியா இவற்றைக் கேளுங்கள்.

நம்பிக்கை: குடிக்காதவருக்கு இது வராது.

பித்தப்பைக் கல் போதும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு 1,000ஐத் தாண்டினாலும் வரலாம். குடிக்காத அம்மாவை, மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலியோடும் நிற்காத வாந்தியோடும், கேஸ் என்று சோடா கொடுத்து இரண்டு நாள் வீட்டில் வைத்திருப்பதற்குக் காரணம் இந்த நம்பிக்கைதான்.

நம்பிக்கை: காய்ச்சல் அடிக்கிறது, முதல் நாளே பவர்ஃபுல் ஆன்டிபயாடிக் போட்டால் குடலும் கணையமும் சீழ் பிடிக்காது.

காகிதத்தில் அழகான யோசனை. 2004இல் ஜெர்மனியில் சிப்ரோஃபிளாக்சசினும் மெட்ரோனிடசோலும், 2007இல் வேறொரு பன்னாட்டு ஆய்வில் மெரோபெனமும் கண்மறைப்பு முறையில் சோதிக்கப்பட்டன. இரண்டிலும் பயன் தெரியவில்லை. மெரோபெனம் ஆய்வில் கணையத் தொற்று மருந்து பெற்றவர்களில் 18 சதவீதம், வெறும் திரவம் பெற்றவர்களில் 12 சதவீதம். முதல் வாரக் காய்ச்சலை எழுப்புவது கிருமியே இல்லாத அழற்சி என்றால், கிருமிகொல்லி எதைக் கொல்லும்? குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும். அந்தக் காலியிடத்தில் பூஞ்சைக்கு வாய்ப்புக் கொடுக்கும். செத்த திசுவில் தொற்று உறுதியானாலோ, பித்தநாளத்தில் சீழ் இருந்தாலோ ஆன்டிபயாடிக் கட்டாயம். ஆனால் தொற்று பெரும்பாலும் வருவது முதல் வாரத்துக்குப் பிந்தைய வாரங்களில்.

நம்பிக்கை: வயிற்றுக்கு ஓய்வு கொடு. வாயில் ஒன்றும் படக்கூடாது.

மருத்துவர்களே நெடுங்காலம் இப்படித்தான் நம்பினார்கள்; பழைய வார்டுகளில் நோயாளி நாள்கணக்கில் பட்டினி. சாப்பிட்டால் கணையம் சுரக்கும், சுரந்தால் மேலும் கெடும் என்பது தர்க்கம். குடலின் பக்கமிருந்து பார்த்தால் தர்க்கம் மாறிவிடும். குடல் செல் தன் சாப்பாட்டில் பெரும்பங்கைத் தன்னைக் கடந்து போகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உணவே வராத குடலின் உறிஞ்சிகள் சிறுத்துப்போகும், இடுக்குகள் தளரும். சிரை வழியாக மட்டும் சத்து ஏற்றப்பட்டவர்களைவிடக் குடல் வழியாக உணவு பெற்றவர்களுக்குத் தொற்றும் மரணமும் குறைவு என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியபின் நடைமுறை மாறியது.

மாறியதும் இன்னொரு பக்கம் சாய்ந்தது. எவ்வளவு சீக்கிரம் மூக்குக்குழாய் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்றார்கள். நெதர்லாந்தில் 208 நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு அதையும் சரியவிட்டது. 24 மணி நேரத்துக்குள் குழாய் போட்டவர்களும், 72 மணி நேரம் பொறுத்து வாயால் சாப்பிட்டுப் பார்த்தவர்களும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 69 சதவீதம் பேருக்குக் குழாயே தேவைப்படவில்லை. பசிக்கிறது என்று நோயாளி சொன்னால் கொடுங்கள். சாப்பிட முடியவில்லை என்றால் குழாய். இவ்வளவுதான் இன்றைய நிலை.

நம்பிக்கை: குடலில் நல்ல பாக்டீரியாவை ஏற்றினால் கெட்டது ஓடிவிடும்.

இதை நம்பியதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. கசியும் குடலில் கெட்ட பாக்டீரியா பெருகுகிறதென்றால், நல்லதைக் கொண்டு அதை நெருக்கலாமே? நெதர்லாந்தின் 15 மருத்துவமனைகளில் அப்படித்தான் தொடங்கினார்கள். கடுமையாகும் என்று கணிக்கப்பட்ட நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஆறு வகை புரோபயாடிக் கலவை, நாளொன்றுக்கு ஆயிரம் கோடி பாக்டீரியா, குழாய் வழியாக நேரே சிறுகுடலுக்குள், 28 நாள். மறுபாதிக்கு வெறும் மாவு. முடிவு 2008இல் லான்செட் இதழில் வந்தது. தொற்றில் வித்தியாசமில்லை. இறந்தவர்கள் புரோபயாடிக் பெற்ற 152 பேரில் 24, பெறாத 144 பேரில் 9. புரோபயாடிக் தரப்பில் ஒன்பது பேருக்குக் குடல் ரத்த ஓட்டமின்றி அழுகியது. எட்டு பேர் இறந்தார்கள். மறுதரப்பில் ஒருவருக்குக்கூட இல்லை.

ஆக்சிஜனுக்கு ஏற்கெனவே திணறும் குடலுக்குள் அத்தனை கோடி உயிர்களை இறக்கியதால் அதன் தேவை கூடிவிட்டதோ, அங்கே அழற்சி தூண்டப்பட்டதோ என்று ஆய்வாளர்கள் விளக்கம் தேடினார்கள். அடுத்த ஆண்டு அவர்களே வெளியிட்ட தொடர் ஆய்வில், உறுப்புச் செயலிழப்பு இருந்தவர்களில் புரோபயாடிக் பெற்றவர்களுக்கு ஐ-எஃப்.ஏ.பி.பி. கூடியிருந்தது. குடல் செல்கள் மேலும் செத்தன என்று பொருள். ‘பாக்டீரியாவில் என்ன தீங்கு’ என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இந்த ஆய்வைத்தான். தேறி வருகிறவர் மதியம் சாப்பிடும் தயிர்சாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயந்துவிடாதீர்கள்.

நம்பிக்கை: டிரிப்ஸ் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

ரத்த அளவு குறைவதுதான் குடலைக் காயப்போடுகிறது என்றால் நிறைய ஏற்றிவிடலாமே என்று நினைக்கத் தோன்றும். இந்தியா, இத்தாலி, மெக்சிகோ, ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகளின் 18 மையங்களில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. நோய் இன்னும் முற்றாமல் வந்த 249 பேரில் சிலருக்குத் தாராளமாகவும் மற்றவர்களுக்கு அளவாகவும் ரிங்கர் லாக்டேட் ஏற்றினார்கள். தாராளமாகப் பெற்றவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு நீர் கோத்துக்கொண்டது, மற்றவர்களில் 6.3 சதவீதம். நோய் கடுமையாவது குறையவில்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். குழாய்கள் ஒழுகும் உடலில் ஏற்றிய நீரெல்லாம் ரத்தத்தில் நிற்காது. குடல் சுவரிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். வயிற்றுக்குள் அழுத்தம் 20 மில்லிமீட்டரைத் தாண்டி உறுப்புகளும் தவித்தால் அது உயிருக்கு ஆபத்து. அந்த அழுத்தமே குடலுக்கு வரும் ரத்தத்தை மறுபடி நெரிக்கும்.

நம்பிக்கை: அழற்சிதான் காரணம் என்றால், அதை நிறுத்த ஒரு ஊசி போட்டுவிடலாம்.

போட்டுப் பார்த்தார்கள். அழற்சிச் சங்கிலியின் ஒரு கண்ணியை அறுக்கும் லெக்சிபஃபான்ட் என்ற மருந்தின் மீது 1990களில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பிரிட்டனில் 290 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2001இல் வந்தபோது உறுப்புச் செயலிழப்பு குறையவில்லை என்று தெரிந்தது. நோயாளி வலியோடு வந்து சேரும்போதே சங்கிலி வெகுதூரம் ஓடியிருக்கிறது. ஒரு கண்ணியை அறுத்தால் பக்கத்துக் கண்ணி வேலையை எடுத்துக்கொள்கிறது. தவிர, கொந்தளித்த அதே எதிர்ப்பாற்றல் பின்னர் சோர்ந்து படுத்துவிடும். நிஜமான கிருமி வருவது அப்போதுதான். அந்த நேரத்தில் அதை மேலும் அமுக்குவது ஆபத்து.

கணைய அழற்சி எப்போது வரலாம் என்று முன்கூட்டியே தெரிகிற சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது: பித்தநாளக் கல்லை எடுக்கச் செய்யும் ஈ.ஆர்.சி.பி. அங்கே மட்டும் அழற்சியை முந்திக்கொள்ள முடிகிறது. அபாயம் கூடிய 602 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், செயல்முறை முடிந்தவுடன் ஆசனவாயில் இண்டோமெதசின் மாத்திரை வைத்தவர்களில் 9.2 சதவீதம் பேருக்குக் கணைய அழற்சி வந்தது, வைக்காதவர்களில் 16.9 சதவீதம். மூட்டுவலிக்கு நெடுநாளாகக் கொடுத்து வரும் பழைய, மலிவான மருந்து அது. உங்கள் வீட்டில் யாருக்காவது ஈ.ஆர்.சி.பி. செய்யப்போகிறார்கள் என்றால், அது வைக்கப்படுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம்.